அமெரிக்க அதிபர் தேர்தல்: மக்கள் வாக்கா, மாநிலத் தேர்வாளர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு வருடத்துக்கு ஒருமுறை நவம்பர் வந்ததும் இதே கேள்விகள் கிளம்பிவிடுகின்றன. தொலைக்காட்சியில் 270, 270 என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். யாருக்கு எத்தனை கோடி ஓட்டு என்பது ஓரத்தில் சின்னதாக ஓடும். இது என்ன முறை, ஏன் இன்னும் இருக்கிறது, மாற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நேரடி வாக்குதான் சரி என்பது என் கருத்து. ஆனால் எதிர்த்தரப்பிலும் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. அது வரும் இடத்தில் அதற்குரிய மதிப்பைக் கொடுத்திருக்கிறேன்.

மக்கள்தானே ஓட்டுப் போடுகிறார்கள்? அப்புறம் ஏன் இது நேரடித் தேர்தல் இல்லை?

வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர்தான் இருக்கும். ஆனால் சட்டப்படி அங்கே தேர்ந்தெடுக்கப்படுபவர்கள், அந்த வேட்பாளருக்காக அவர் கட்சி அந்த மாநிலத்தில் நிறுத்தியிருக்கும் தேர்வாளர்கள். ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும், அங்கே ஜெயித்தவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும். இவர்கள் டிசம்பரில் தத்தம் மாநிலத்தில் கூடி அதிபருக்கு ஒன்று, துணை அதிபருக்கு ஒன்று என்று ஓட்டுப் போடுவார்கள். ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடி அவற்றை எண்ணும். 2021-இல் வன்முறைக் கும்பல் புகுந்தது இந்த எண்ணிக்கையின் நடுவில்தான்.

538 என்ற கணக்கு எப்படி வந்தது?

பிரதிநிதிகள் சபையில் 435 இடங்கள், செனட்டில் 100. ஒரு மாநிலத்துக்கு இரண்டிலும் சேர்த்து எத்தனை உறுப்பினர்களோ அத்தனை தேர்வாளர்கள். தலைநகர் வாஷிங்டனுக்கு 1961-இல் வந்த அரசியலமைப்பின் 23-வது திருத்தத்தின்படி 3 பேர். மொத்தம் 538; பாதிக்கு மேல் என்றால் 270.

செனட்டில் பெரிய மாநிலம், சின்ன மாநிலம் எல்லோருக்கும் இரண்டே இடம். அதனால் சின்ன மாநிலங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கிடைக்கிறது. 2020 கணக்கெடுப்புப்படி சுமார் 5.77 லட்சம் பேர் உள்ள வயோமிங்குக்கு 3 தேர்வாளர்கள், 3.95 கோடி பேர் உள்ள கலிஃபோர்னியாவுக்கு 54. அதாவது வயோமிங்கில் ஏறக்குறைய 1.92 லட்சம் பேருக்கு ஒரு தேர்வாளர், கலிஃபோர்னியாவில் 7.3 லட்சம் பேருக்கு ஒருவர்.

அதிக ஓட்டு வாங்கியவர் தோற்றது எத்தனை முறை?

தெளிவாகச் சொல்லக்கூடியவை நான்கு: 1876, 1888, 2000, 2016. 1824-ஐயும் சேர்த்து ஐந்து என்பார்கள். அந்த வருடம் ஆறு மாநிலங்களில் மக்கள் வாக்கே கிடையாது. சட்டமன்றங்களே தேர்வாளர்களை நியமித்தன. அதனால் அதைத் தனியாக வைப்பதே நல்லது.

1876-இல் சாமுவேல் டில்டன் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கியும் தோற்றார். ஃப்ளோரிடா, லூசியானா, தென் கரோலினா மூன்றிலிருந்தும் இரண்டிரண்டு முடிவுகள் வந்தன. 15 பேர் கொண்ட ஆணையம் அமைத்தார்கள். அது 8-க்கு 7 என்று கட்சி வாரியாகப் பிரிந்து எல்லாவற்றையும் ரதர்ஃபோர்ட் ஹேய்ஸுக்குக் கொடுத்தது. இறுதிக் கணக்கு 185-184. அதை ஒட்டி நடந்த பேரத்தில் தெற்கிலிருந்து மத்தியப் படைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன; அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த கருப்பின மக்களின் வாக்குரிமை அடுத்த பல பத்தாண்டுகளுக்குப் பறிபோனது. ஒரு தேர்தல் முறையின் குறை இவ்வளவு பேரைப் பாதித்த இன்னொரு சமயம் அமெரிக்க வரலாற்றில் எனக்குத் தெரியவில்லை.

1888-இல் குரோவர் கிளீவ்லாந்து சுமார் 90,000 ஓட்டு முன்னிலையில் இருந்தும் பெஞ்சமின் ஹாரிசனிடம் தோற்றார்.

2000-இல் அல் கோர் நாடு முழுக்க 5.43 லட்சம் ஓட்டு அதிகம் பெற்றார். ஜார்ஜ் புஷ் ஃப்ளோரிடாவில் 537 ஓட்டு அதிகம் பெற்றார். அதிபரானது புஷ். 2016-இல் ஹிலாரி கிளிண்டனின் முன்னிலை சுமார் 28.7 லட்சம், ஆனால் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து 78,000-க்கும் குறைவான வித்தியாசத்தில் டொனால்ட் டிரம்ப் ஜெயித்தார்.

நூலிழையில் தப்பியவையும் உண்டு. 2004-இல் புஷ்ஷுக்கு நாடு முழுக்க 30 லட்சம் முன்னிலை; ஒஹையோவில் சுமார் 1.18 லட்சம் ஓட்டு வித்தியாசம் மாறியிருந்தால் ஜான் கெர்ரி அதிபர். 2020-இல் ஜோ பைடனுக்கு 70 லட்சம் முன்னிலை இருந்தும், அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் அவர் வென்ற வித்தியாசம் மொத்தமே சுமார் 43,000. அந்த மூன்றும் கைமாறியிருந்தால் 269-269.

இந்தியாவிலும் அதிக ஓட்டு வாங்கிய கட்சி குறைந்த இடம் பெறுவது உண்டே?

உண்டு. 2018 கர்நாடகத் தேர்தலில் அதிக ஓட்டு காங்கிரஸுக்கு, அதிக இடங்கள் பாஜகவுக்கு. தொகுதி முறை உள்ள எங்கும் இது நடக்கும். ஆனால் அங்கே தேர்ந்தெடுக்கப்படுவது ஒரு அவை. ஒவ்வொரு தொகுதிக்கும் தனி உறுப்பினர் போகிறார், தோற்ற கட்சிக்கும் எதிர்வரிசையில் இடம் இருக்கிறது. அதிபர் பதவி ஒன்றுதான், அதைப் பங்குபோட முடியாது.

இந்தியக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு தேர்தல் குழுதான். எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போடுகிறார்கள், எம்.எல்.ஏ.வின் ஓட்டு மதிப்பு 1971 மக்கள்தொகையைப் பொறுத்தது. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 176, உத்தரப்பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு 7. அதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை, காரணம் ஆட்சி நடத்துவது பிரதமர். அமெரிக்காவில் ஆட்சியே அதிபர் கையில்.

இப்படி ஒரு சுற்றுவழியை ஏன் ஏற்படுத்தினார்கள்?

1787 கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் அரசியலமைப்பை எழுதியவர்களுக்கே இது முதல் தேர்வு இல்லை. நாடாளுமன்றமே அதிபரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பலமுறை வாக்கெடுத்தார்கள். பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். பரந்த நாடு, செய்தி போய்ச்சேர வாரக்கணக்காகும், ஜார்ஜியாக்காரருக்கு நியூ ஹாம்ப்ஷயர்காரரைப் பற்றி என்ன தெரியும் என்ற தயக்கம் இருந்தது. கடைசியில் ஆகஸ்ட் முடிவில் ஒரு குழுவிடம் தள்ளிவிட்டு, செப்டம்பரில் அது கொண்டுவந்த சமரசத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

பள்ளிப் பாடத்தில் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். இன்னொரு காரணம் அடிமைமுறை. ஜூலை 19 அன்று வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் இதை வெளிப்படையாகவே பேசினார்: மக்கள் தேர்ந்தெடுப்பதே சிறந்தது, ஆனால் வடக்கில் வாக்குரிமை பரவலாக இருக்கிறது, தெற்கின் அடிமைகளால் தெற்குக்கு அதில் செல்வாக்குக் கிடைக்காது, தேர்வாளர் முறை அந்தச் சிக்கலைத் தீர்க்கும். அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணும் விதி பிரதிநிதிகள் சபைக்கு ஏற்கனவே இருந்தது. தேர்வாளர் எண்ணிக்கையையும் அதோடு கட்டிவிட்டார்கள். 1800 தேர்தலில் வர்ஜீனியாவுக்கு 21 தேர்வாளர்கள், பென்சில்வேனியாவுக்கு 15. 1790 கணக்கெடுப்பில் இரண்டிலும் அடிமை அல்லாதோர் தொகை ஏறக்குறைய ஒரே அளவு. முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் அதிபராக இருந்தவர்கள் வர்ஜீனியாக்காரர்கள் என்பதைத் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது.

மாநிலத்தில் ஜெயித்தவருக்கே எல்லாத் தேர்வாளர்களும் என்பது அரசியலமைப்பில் இருக்கிறதா?

இல்லை. இந்த விவாதத்தில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே விஷயம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதை அரசியலமைப்பு மாநிலச் சட்டமன்றத்திடம் விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

தொடக்கத்தில் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாகச் செய்தது. 1796-இல் ஜான் ஆடம்ஸ் 71-68 என்று தாமஸ் ஜெஃபர்சனை வென்றார். வர்ஜீனியா மாவட்ட வாரியாகத் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுத்ததால், ஜெஃபர்சனின் சொந்த மாநிலத்திலேயே ஒரு ஓட்டு ஆடம்ஸுக்குப் போனது. விடுவார்களா? 1800-க்குள் வர்ஜீனியா சட்டத்தை மாற்றி, ஜெயித்தவருக்கே எல்லாம் என்றாக்கியது. பதிலுக்கு ஆடம்ஸின் மாநிலமான மாசசூசெட்ஸ், மக்களிடமிருந்து பிடுங்கித் தன் சட்டமன்றத்திடமே தேர்வைக் கொடுத்துக்கொண்டது. பக்கத்து மாநிலம் மொத்தமாகக் கொடுக்கும்போது நாம் மட்டும் ஏன் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக மாறின. 1836-க்குள் தென் கரோலினா தவிர எல்லா மாநிலங்களும் இந்த முறைக்கு வந்துவிட்டன. ஆக, முன்னோர்களின் ஞானம் என்று இன்று போற்றப்படுவதில் பெரும்பகுதி, கட்சிக்காரர்கள் கணக்குப் பார்த்துச் செய்த வேலை.

இப்போது மெய்ன் (1972 முதல்), நெப்ராஸ்கா (1992 முதல்) இரண்டு மட்டும் மாநில அளவில் ஜெயித்தவருக்கு 2, ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியிலும் ஜெயித்தவருக்கு 1 என்று பிரிக்கின்றன.

அப்படியானால் குற்றவாளி யார்? சின்ன மாநிலங்களுக்கான சலுகையா, ஜெயித்தவருக்கே எல்லாம் என்ற இந்த மொத்தக் கொள்முதலா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் செனட்டால் வரும் 2 தேர்வாளர்களைக் கழித்துவிடுங்கள். தலைநகருக்கும் 2 கழியுங்கள். 2000-இல் புஷ் வென்றது 30 மாநிலங்கள்: 271-இல் 60 போனால் 211. கோர் 20 மாநிலங்களும் தலைநகரும்: 267-இல் 42 போனால் 225. கோர் ஜெயித்திருப்பார். (தலைநகரின் ஒரு தேர்வாளர் எதிர்ப்பாக வெற்றுச்சீட்டு போட்டதால் பதிவேட்டில் கோருக்கு 266.)

2016-இல் டிரம்ப்பும் 30 மாநிலங்கள்: 306-இல் 60 போனால் 246. கிளிண்டன் 232-இல் 42 போனால் 190. சலுகையே இல்லாவிட்டாலும் டிரம்ப்தான். அந்த வருடம் முடிவைத் தீர்மானித்தது, மூன்று மாநிலங்களை மயிரிழையில் வென்று 46 தேர்வாளர்களையும் முழுதாக எடுத்துக்கொள்ள முடிந்தது. மறுபக்கம் கலிஃபோர்னியாவில் கிளிண்டனுக்கு 42 லட்சத்துக்கு மேல் முன்னிலை. அதில் ஒரு ஓட்டு முன்னிலை இருந்தாலே போதும், மீதி கணக்கில் சேராது. எனவே இரண்டுக்கும் பங்கு உண்டு, ஆனால் பெரிய பங்கு மொத்தக் கொள்முதலுக்கு.

இந்த முறை இல்லாவிட்டால் சின்ன மாநிலங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்களாமே?

இப்போது மட்டும் பார்க்கிறார்களா? வயோமிங், வெர்மான்ட், வடக்கு டகோட்டா, டெலவேர் பக்கம் பிரசாரத்துக்கு யார் போகிறார்கள்? 2024-இல் எல்லோரும் சுற்றியது ஏழு ஊசலாட்ட மாநிலங்களில்: பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வடக்கு கரோலினா, அரிசோனா, நெவாடா. இவற்றில் நெவாடா மட்டுமே சிறியது. வேட்பாளருக்கு மாநிலத்தின் அளவு பொருட்டில்லை. இழுபறியாக இருக்கிறதா என்பதுதான் பொருட்டு. சின்ன மாநில வாதம் அடிக்கடி கேட்கும் வாதம், என் பார்வையில் இருப்பதிலேயே பலவீனமானதும் அதுதான்.

நேரடி வாக்கு என்றால் கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் சேர்ந்து அதிபரை முடிவு செய்துவிடாதா?

இரண்டிலும் சேர்த்து நாட்டின் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தவிர, கலிஃபோர்னியா என்பது ஒரே மனிதர் இல்லை. 2020-இல் டிரம்ப்புக்கு மிக அதிக ஓட்டு கொடுத்த மாநிலம் கலிஃபோர்னியாதான்: சுமார் 60 லட்சம், டெக்சாஸைவிட அதிகம். பைடன் டெக்சாஸில் பெற்றதோ நியூயார்க்கில் பெற்றதைவிடச் சற்றுக் கூடுதல். கலிஃபோர்னியாவில் டிரம்ப்பும் டெக்சாஸில் பைடனும் பெற்ற இந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஓட்டுகளுக்கு ஒரு தேர்வாளர்கூடக் கிடைக்கவில்லை.

எதிர்த்தரப்பின் நல்ல வாதம் என்றீர்களே, அது எது?

மறு எண்ணிக்கை. 1960-இல் கென்னடிக்கும் நிக்சனுக்கும் வித்தியாசம், பதிவான ஏறக்குறைய 6.9 கோடி ஓட்டில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். நேரடி வாக்கில் அப்படி ஒரு முடிவு வந்தால் 50 மாநிலங்களிலும் ஒவ்வொரு வாக்குச்சாவடியும் சண்டைக்களமாகும். 2000-இல் ஃப்ளோரிடா ஒன்றே 36 நாள் இழுத்து, உச்ச நீதிமன்றத்தில் 5-4 தீர்ப்பில் முடிந்தது. இந்தியாவில் இருப்பதுபோல் தேர்தலை நடத்தும் ஒரே ஆணையம் அமெரிக்காவில் இல்லை; யார் வாக்காளர், தபால் ஓட்டு எதுவரை செல்லும், எப்போது மறுபடி எண்ணலாம் எல்லாமே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பொதுவான விதிகள் இல்லாமல் ஓட்டை மட்டும் ஒன்றாகக் கூட்டினால் குழப்பம்தான். நேரடி வாக்கு கேட்பவர்கள் இதற்கு விடை வைத்துக்கொண்டு பேச வேண்டும். ஒரு ஆறுதல்: கோடிக்கணக்கில் எண்ணும்போது சில நூறு வித்தியாசம் வருவது அபூர்வம், மாநில அளவில் அது எளிதாக நடக்கிறது.

பாதிக்குக் கீழே வாங்கியவரும் அதிபராகலாமா?

இப்போதே ஆகிறார்கள். 1992-இல் பில் கிளிண்டன் 43 சதவீதம், 1860-இல் லிங்கன் 40-க்கும் கீழே. நேரடி முறையில் இதற்கு ஒரு விதி வேண்டும். பிரான்ஸ் இரண்டாம் சுற்று நடத்துகிறது. இலங்கையில் விருப்பு வாக்கு: 2024-இல் அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42.31 சதவீதமே பெற்றதால், அங்கே முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளையும் எண்ணித்தான் வெற்றியாளரை அறிவித்தார்கள்.

எல்லா மாநிலங்களும் நெப்ராஸ்கா மாதிரி மாறினால் போதாதா?

கேட்க நன்றாக இருக்கும். 2012-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒபாமா ஏறக்குறைய 50 லட்சம் ஓட்டு முன்னிலையில் வென்றார். ஆனால் மிட் ராம்னி 226 தொகுதிகளில் முந்தியிருந்தார், 24 மாநிலங்களை வென்றார். நெப்ராஸ்கா கணக்கில் 226-உம் 48-உம் 274, அதிபர் ராம்னி. தொகுதி எல்லைகளைக் கட்சிகள் தமக்குச் சாதகமாக வளைத்து வரையும் நாட்டில், அதிபர் தேர்தலையும் அந்த எல்லைகளோடு கட்டுவது இருப்பதைவிட மோசம்.

இது எந்தக் கட்சிக்குச் சாதகம்?

2000-இலும் 2016-இலும் குடியரசுக் கட்சிக்கு உதவியதால் அதுவே நிரந்தரம் என்று தோன்றுகிறது. 2004-இல் அது கிட்டத்தட்ட ஜனநாயகக் கட்சியின் கெர்ரிக்கு உதவியிருக்கும். 2012 தேர்தல் இரவில், குடியரசுக் கட்சியின் ராம்னிக்கு அதிக ஓட்டு கிடைக்கிறது என்று நினைத்து, இந்த முறை ஜனநாயகத்துக்கே பேரழிவு என்று ட்விட்டரில் எழுதியவர் டிரம்ப். 2016-இல் ஜெயித்த பிறகு இது மேதைத்தனமான ஏற்பாடு என்றார். 2024-இல் அவர் 312-226 என்று வென்று, மொத்த ஓட்டிலும் சுமார் 1.5 சதவீதப் புள்ளிகள் முந்தினார். அப்போது இரண்டு முறைக்கும் விடை ஒன்றாகவே வந்தது. சாய்வு தேர்தலுக்குத் தேர்தல் மாறும். பொதுமக்களிடம் கேட்டால் பெரும்பான்மை நேரடி வாக்குப் பக்கம்: 2024-இல் பியூ ஆய்வு மையத்தின் கணிப்பில் 63 சதவீதம்.

இதை மாற்ற யாருமே முயலவில்லையா?

1969-இல் கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. முந்தைய வருடம் நிறவெறிப் பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸ் மூன்றாவது வேட்பாளராக நின்று 46 தேர்வாளர் ஓட்டுகள் பெற்றிருந்தார். யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் அவர் பேரம் பேசும் நிலை வந்துவிடுமோ என்று இரண்டு கட்சிகளும் பயந்துபோயிருந்தன. நேரடி வாக்குக்கான திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 338-70 என்று நிறைவேறியது. 40 சதவீதத்துக்குக் கீழே போனால் இரண்டாம் சுற்று என்ற விதியும் அதில் இருந்தது. அதிபர் நிக்சனும் ஆதரித்தார். 1970-இல் செனட்டில் ஸ்ட்ராம் தர்மண்ட் உள்ளிட்ட தென்மாநில உறுப்பினர்களும் சில சின்ன மாநில உறுப்பினர்களும் பேசிப் பேசியே இழுத்தடித்தார்கள். விவாதத்தை முடிக்க மூன்றில் இரண்டு பங்கு தேவை; 54-36 வரைதான் வந்தது. இண்டியானாவின் செனட்டர் பர்ச் பே விடாமல் 1979-இல் மறுபடி கொண்டுவந்தார்: 51-48, அதுவும் போதவில்லை. அந்த முறை, ஊசலாடும் பெரிய மாநிலங்களில் தங்கள் ஓட்டுக்கு இருக்கும் பேரம்பேசும் பலம் போய்விடும் என்று சில கருப்பின, யூத அமைப்புகளும் எதிர்த்தன.

இன்றைக்குத் திருத்தம் என்றால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, அதன்மேல் 38 மாநிலங்களின் ஒப்புதல். இப்போதைக்கு நடக்காது.

திருத்தம் இல்லாமல் மாற்ற ஒரு ஒப்பந்தம் இருக்கிறதாமே?

இருக்கிறது. தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பது மாநிலத்தின் விருப்பம் என்று பார்த்தோம் அல்லவா? நாடு முழுக்க அதிக ஓட்டு பெற்றவருக்கே எங்கள் தேர்வாளர்கள் என்று மாநிலங்கள் தமக்குள் ஒப்பந்தம் போடுகின்றன. சேர்ந்தவர்களின் கூட்டுத்தொகை 270-ஐத் தொட்டால்தான் அமலுக்கு வரும். 2007-இல் மேரிலாந்து முதலில் சேர்ந்தது. 2024-இல் மெய்ன் சேர்ந்தபோது 17 மாநிலங்களும் தலைநகரும், மொத்தம் 209.

புத்திசாலித்தனமான வழிதான். ஆனால் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. சேர்ந்தவை அனைத்தும் ஜனநாயகக் கட்சியின் கோட்டைகள், அல்லது அந்தப் பக்கம் சாய்ந்தவை. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் இந்த ஒப்பந்தம் செல்லுமா என்பதை இன்னும் நீதிமன்றம் சொல்லவில்லை. தங்கள் மாநிலத்தில் தோற்றவருக்குத் தேர்வாளர்களைக் கொடுக்க வேண்டிய முதல் தடவையிலேயே ஏதாவது ஒரு சட்டமன்றம் பின்வாங்கப் பார்க்கும்.

தேர்வாளர் மாற்றி ஓட்டுப் போடலாமா?

2016-இல் ஏழு பேர் போட்டார்கள். 2020-இல் உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் தேர்வாளர்களைக் கட்டுப்படுத்தலாம், தண்டிக்கலாம் என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. ஆனால் எல்லா மாநிலங்களிலும் அப்படிச் சட்டம் இல்லை.

யாருக்கும் 270 கிடைக்காவிட்டால்?

பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும், ஆனால் மாநிலத்துக்கு ஒரே ஓட்டு. 52 உறுப்பினர்கள் உள்ள கலிஃபோர்னியாவுக்கும் ஒன்று, ஒரே உறுப்பினர் உள்ள வயோமிங்குக்கும் ஒன்று. தலைநகருக்கு எதுவும் இல்லை. 26 கிடைத்தால் வெற்றி. 1824-இல் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99 தேர்வாளர்கள், ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 84. சபை ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தது.

நான் நியூஜெர்சியில் குடியுரிமை பெற்ற தமிழர். அதிபர் தேர்தலில் என் ஓட்டுக்கு மதிப்பு இருக்கிறதா?

அதிபர் தேர்தலில் குறைவு. நியூஜெர்சி 1992 முதல் ஒவ்வொரு முறையும் ஜனநாயகக் கட்சிக்கே போயிருக்கிறது. ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியாவில் வீடு வாங்கியவருக்கு வீட்டுக் கதவை வந்து தட்டுவார்கள், தொலைபேசி ஓயாது. ஆனால் அதே சீட்டில் செனட், பிரதிநிதிகள் சபை, மாவட்டப் பதவிகள், சில ஊர்களில் பள்ளி வாரியம் வரை இருக்கும். அங்கெல்லாம் எண்ணிக்கை நேரடிதான், வித்தியாசமும் பல நேரம் சில நூறுதான்.

நேரடி வாக்கு வந்தால் புவேர்ட்டோ ரிக்கோ மக்களும் ஓட்டுப் போடலாமா?

தானாக வராது. அங்கே 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள், அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் அது மாநிலம் இல்லை என்பதால் தேர்வாளர்கள் இல்லை. 270 ஒப்பந்தம் மாநிலங்களின் ஓட்டையும் தலைநகரின் ஓட்டையும் மட்டுமே கூட்டும். அவர்களைச் சேர்க்கத் தனித் திருத்தமோ மாநில அந்தஸ்தோ வேண்டும். இப்போதைக்கு இருக்கும் ஒரே வழி, விமானம் ஏறி ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் குடியேறி, பெயரைப் பதிவு செய்துகொள்வது. பலர் அதைத்தான் செய்கிறார்கள்.